குமுளிக் கதவும் கம்பத்துக் காற்றும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைப்பாதை ஏறிக் குமுளிக்குச் செல்லும் ஒருவர், ஆடி மாதத்தில் ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு பருவங்களைக் கண்டுவிடலாம். கீழே திராட்சைப் பந்தல்களின் மேல் வெயில் காய்கிறது. காற்று புழுதியை வாரிக்கொண்டு ஓடுகிறது. லோயர் கேம்ப்பைத் தாண்டி வளைவுகளில் ஏற ஏற, வானம் தாழ்ந்து வருகிறது; மேகம் சாலையிலேயே இறங்கி நிற்கிறது. மேலே குமுளிக் கடைத்தெருவில் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கிறது. ஒரே மலையின் இரு பக்கங்கள். ஒன்று காய்கிறது, மற்றொன்று நனைகிறது.

இப்பொழுது ஒரு சிறு கற்பனை செய்துகொள்வோம். ஒரு தச்சர் ஒரே பலா மரத்தை அறுத்து, ஒரே அளவில் இரண்டு கதவுகள் செய்கிறார். இரண்டிற்கும் ஒரே டப்பாவிலிருந்து ஒரே வண்ணம் பூசுகிறார். ஒன்றைக் கம்பத்தில் ஒரு வீட்டிலும், மற்றொன்றைக் குமுளியில் ஒரு வீட்டிலும் மாட்டுகிறார். மழைக்காலம் முடிந்தபின் போய்ப் பார்த்தால், கம்பத்துக் கதவில் புழுதி படிந்திருக்கும். வேறு குறை இராது. குமுளிக் கதவிலோ, கை படும் தாழ்ப்பாளைச் சுற்றியும், கீழ்ச் சட்டத்தின் ஓரங்களிலும் கரும்புள்ளிகள் தோன்றியிருக்கும். நாளடைவில் அவை ஒன்றோடொன்று கூடி, புகை படிந்தாற்போன்ற கறையாகிவிடும். மரம் ஒன்று, வண்ணம் ஒன்று, கைவேலை ஒன்று. பின் வேற்றுமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு மனிதன் விடை தேடிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாற்றில் அறிவும் உண்டு; நஞ்சும் உண்டு.

நம்மவர்கள் இதனைப் பூசணம் என்றும் பூஞ்சணம் என்றும் சொல்லுகிறார்கள். ‘ஊறுகாய் பூத்துப் போயிற்று’ என்பது வீட்டு வழக்கு. மலையாளத்தில் இதற்குப் ‘பூப்பல்’ என்று பெயர். எல்லைச் சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் மக்கள் இதனைப் பூத்தலாகவே கண்டிருக்கின்றனர். ஒன்று பூப்பதாயின் அதற்கு விதை இருக்க வேண்டும் அல்லவா? ஆயினும் உலகில் அறிஞர் பலர் பூசணத்திற்கு விதை இல்லை என்றும், ஈரத்தில் அது தானே தோன்றுகிறது என்றும் நெடுங்காலம் நம்பி வந்தனர்.

பூசணம் பிடித்த வீட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்புக்களுள் ஒன்று, பழைய ஏற்பாட்டில் லேவியராகமத்தின் 14-ஆம் அதிகாரத்தில் உள்ளது. வீட்டுச் சுவரில் பச்சை நிறமாகவோ சிவப்பு நிறமாகவோ புள்ளிகள் கண்டால் வீட்டை ஏழு நாள் பூட்டி வைக்க வேண்டும். பின்னர்த் திறந்து பார்க்கையில் அவை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து எறிந்து, சுவரைச் சுரண்டி, புதுச் சாந்து பூச வேண்டும். மீண்டும் தோன்றினால் கல்லும் மரமும் ஆக வீட்டையே இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று அது விதிக்கிறது. அக்காலத்தவர் காரணத்தை அறியார். எனினும் இரண்டு உண்மைகளை அவர்கள் கண்டிருந்தனர். ஒன்று, இது பரவும் தன்மையது. மற்றொன்று, சுரண்டாமல் மேலே பூசி மறைத்தால் இது திரும்பி வரும். இரண்டாவது உண்மையை இன்றும் நாம் மறந்து வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

பூசணத்தை முதன்முதலில் கண்ணாடியின் உதவியால் பெரிதாக்கிப் பார்த்து, அதன் உருவத்தை வரைந்து உலகிற்குக் காட்டியவர் ஆங்கில அறிஞர் இராபர்ட் ஹூக். 1665-ஆம் ஆண்டில் வெளியான ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில் அப்படம் இருக்கிறது. அவர் ஆராய்ந்த பொருள் மிகவும் சாதாரணமானது. செந்நிற ஆட்டுத்தோலால் கட்டிய ஒரு புத்தகத்தின் அட்டையில் படிந்த வெண்புள்ளி. உருப்பெருக்கியின் கீழ் அப்புள்ளி ஒரு சிறு காடாகத் தெரிந்தது. மெல்லிய தண்டுகளும், அவற்றின் முனையில் உருண்டைத் தலைகளும் நின்றன. ஆயினும் அத்தலைகளில் இருப்பவை விதைகளே என்று ஹூக் துணியவில்லை.

துணிந்தவர் இத்தாலிய நாட்டின் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த தாவரவியலார் மிக்கேலி என்பவர். அவர் பூசணத்தின் தூளை எடுத்து, வெட்டிய முலாம்பழத் துண்டுகளின் மேல் தூவினார். எந்தப் பூசணத்தின் தூளைத் தூவினாரோ அந்தப் பூசணமே அங்கு வளர்ந்தது. 1729-ஆம் ஆண்டில் தம் நூலில் இதனை அவர் எழுதினார். ‘பூத்தல்’ என்ற நம் சொல் பொய்யன்று என்பது இதனால் விளங்கிற்று. பூசணத்திற்கும் வித்து உண்டு; அவ்வித்து கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மிதக்கிறது.

அவ்வாறாயின் குமுளிக் காற்றில் வித்து இருக்கிறது, கம்பத்துக் காற்றில் இல்லை என்று கூறிவிடலாமா? கூறமுடியாது. இவ்வித்துத்தூள் இல்லாத காற்று ஊர்ப்புறத்தில் எங்கும் இல்லை. உணவு வேறுபடுகிறதா என்றால் அதுவும் இல்லை. வண்ணம் பூசிய மரத்தில் பூசணம் தின்பது பெரும்பாலும் மரத்தை அன்று. எண்ணெய் வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய், அதன்மேல் படிந்த தூசி, கை பட்டு ஒட்டிய பிசுக்கு ஆகியவையே அதற்குப் போதுமான உணவு. தாழ்ப்பாளைச் சுற்றி முதலில் கறுப்பதன் காரணமும் இதுவே. வண்ணப்பூச்சின் மேல் கறுத்துப் படரும் பூஞ்சைகளுள் ஆரியோபசிடியம் என்பது உலகெங்கும் காணப்படுகிறது. இது மரத்தை உளுக்கச் செய்வதில்லை. மேற்பரப்பைக் கெடுப்பதோடு நின்றுவிடும். மரத்தின் உள்ளே புகுந்து அதனை மக்கச் செய்யும் பூஞ்சைகள் வேறு. மரத்தின் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் நீர் ஏறினாலன்றி அவற்றால் வாழ இயலாது. ஆதலின் மேற்பரப்பில் பூசணம் கண்டவுடன் மரம் போயிற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். மேலே தங்கிய ஈரம் நாளை உள்ளேயும் இறங்கும்.

வித்தும் உணவும் இரண்டு ஊர்களிலும் ஒன்றானால் எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே. இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது, மிகுந்தது பனித்துளியாகிவிடும். 25 டிகிரியிலோ அதே அளவுக் காற்று 23 கிராம் வரையில் தாங்கும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பம் அதில் பாதிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. காற்று நூறு மீட்டர் கீழே இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறும். எனவே மேகத்தோடு கூடிய காற்று குமுளியைக் கடந்து கம்பத்தில் இறங்கும்பொழுது ஐந்து டிகிரி சூடேறிவிடுகிறது. அதிலுள்ள நீராவி சிறிதும் குறையாவிட்டாலும், மேலே நிறைகுடமாக இருந்த காற்று கீழே முக்கால் குடமாகிவிடுகிறது. கதிரவனின் வெம்மை சேர்ந்தால் அது மேலும் குறையும்.

பூசணத்திற்கு இந்த முக்கால் குடம் ஓர் எல்லைக்கோடு போன்றது. காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் நாள்கணக்கில் நிறைந்திருந்தால் மரத்தின் மேல் பூசணம் முளைக்கிறது. எழுபது பங்கிற்குக் கீழே இறங்கினால் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. குமுளிக் கதவிற்கும் கம்பத்துக் கதவிற்கும் உள்ள வேற்றுமை இந்தச் சில பங்குகளே. அந்தச் சில பங்குகளைக் குறைக்க வல்லவன் பூசணத்தை வெல்லுவான். குறைக்க அறியாதவன் நஞ்சைத் தேடுவான். இரண்டு வகையினரையும் வரலாற்றில் காண்கிறோம்.

முதல் வகையினர் நம் பழைய தச்சர்கள். அவர்களுக்கு உருப்பெருக்கியும் தெரியாது, ஈரக் கணக்கும் தெரியாது. ஆயினும் மழை நாட்டின் இயல்பு தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், வேளிமலை அடிவாரத்தில், பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1601-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்று, பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மரால் விரிவாக்கப்பெற்ற இவ்வரண்மனை, மரவேலையின் களஞ்சியம். 1956-இல் மாநில எல்லைகள் மாறியபொழுது அவ்விடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது; அரண்மனையின் பராமரிப்பு கேரள அரசிடமே நின்றது. முகப்பு மண்டபத்தின் கூரையில் ஒன்றைப்போல் ஒன்றில்லாத தொண்ணூறு மலர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மழை மிகுந்த நாட்டில் அத்துணை மரமும் எவ்வாறு நிலைத்தது?

விடை கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கூரை செங்குத்தாகச் சரிகிறது. இறவாரம் சுவரைக் கடந்து வெகுதூரம் நீண்டு நிற்கிறது. ஆதலால் மழைநீர் மரத்தில் படாமல் விழுகிறது. சாளரங்களுக்குப் பதிலாகச் சாய்வான மரச் சட்டங்களை வரிசையாக அடுக்கிய தடுப்புக்கள் உள்ளன. அவை சாரலைத் தடுக்கின்றன; காற்றைத் தடுப்பதில்லை. நடுவே வானம் பார்த்த முற்றங்கள் உள்ளன. சூடேறிய காற்று அவற்றின் வழியே மேலெழும்புகிறது. நனைந்த மரம் மறுநாளைக்குள் உலர வேண்டும் என்பதே அத்தச்சர்களின் கொள்கை.

சாதாரண மக்களின் வீடுகளிலும் இக்கொள்கை இருந்தது. அடுப்புக்கு மேலே பரண் அமைப்பது பழைய வழக்கம். விதை நெல்லும் கூடையும் கயிறும் உலக்கையும் அங்கே இடம் பெற்றன. அடுப்பின் சூடு பரண் மரத்தை உலர வைத்தது. புகையிலுள்ள பொருள்கள் பூஞ்சையை அண்டவிடாமல் தடுத்தன. பரண் கறுத்தது, ஆனால் பூக்கவில்லை. அந்தப் புகை பெண்மக்களின் மார்பையும் கண்ணையும் கெடுத்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அடுப்பங்கரையில் புகை நீங்கியது நன்மையே. ஆனால் அதனோடு மழை நாட்டு வீட்டில் மரத்தை உலர்த்தி வந்த ஓர் ஏவலாளும் நீங்கினான்.

குமுளிக்கு வேறொரு பாடசாலையும் உண்டு. அதுதான் ஏலக்காய் ஸ்டோர். சுற்றிலுமுள்ள மலைகளில் ஏலக்காய் பறிக்கும் காலம், மழை ஓயாத மாதங்களில் தொடங்குகிறது. பச்சைக் காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதனை அப்படியே குவித்து வைத்தால் சில நாட்களில் பூத்துவிடும். ஆதலால் மூடிய அறையில் தட்டுக்களில் பரப்பி, விறகுச் சூட்டைக் குழாய்களில் செலுத்தி, ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் அளவிற்கு உலர்த்துகிறார்கள். அறையின் மேற்புறத்திலுள்ள திறப்பின் வழியே ஈரக் காற்று வெளியேறிவிடுகிறது. காயின் ஈரம் எட்டில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கினால்தான் அது மூட்டையில் நிற்கும். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே காற்று காய்கிறது. சூடேற்றிய காற்றே உலர்ந்த காற்று என்னும் நுட்பத்தைக் குமுளியின் உழவன் நன்கு அறிவான். ஏலக்காயைக் காக்கத் தெரிந்த ஊருக்கு, அலமாரியைக் காப்பது புதிய கலை அன்று.

இனி இரண்டாவது வகையினரைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களின் பெருங்கவலை கப்பல் மரத்தைப் பற்றியது. 1810-இல் கடலில் இறக்கிய ‘குயின் சார்லட்’ என்னும் போர்க்கப்பல், கடற்பணிக்குச் செல்லுமுன்பே பூஞ்சையால் மக்கிப் பழுது பார்க்கும் நிலையை அடைந்தது. நன்கு உலராத மரத்தை அவசரமாகப் பயன்படுத்தியதும், காற்றோட்டமில்லாத கீழ்த்தளங்களும் இதற்குக் காரணங்கள். அதே காலத்தில் பம்பாயில் இந்தியத் தேக்கினால் கட்டி 1817-இல் மிதக்கவிட்ட ‘திரிகோணமலை’ என்னும் கப்பல், இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது.

எல்லாருக்கும் தேக்கு கிடைப்பதில்லை. ஆதலால் மட்டமான மரத்தையும் பூஞ்சை தின்னாதபடி நஞ்சூட்டலாம் என்ற எண்ணம் எழுந்தது. ஜான் ஹோவர்ட் கயான் என்பவர், சித்த மருத்துவர் ‘வீரம்’ என்று வழங்கும் பாதரச உப்பை நீரில் கரைத்து, மரத்தை அதில் ஊறவைக்கும் முறைக்கு 1832-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இம்முறையைப் பற்றியே சொற்பொழிவாற்றினார். பூஞ்சை அஞ்சியது உண்மை. ஆனால் அந்த உப்பு விலை மிகுந்தது, இரும்பை அரிப்பது, மனிதனுக்கும் கொடிய நஞ்சு. பின்னர் 1838-இல் பெத்தெல் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் மரத்தினுள் ஏற்றும் முறையைக் கண்டார். இருப்புப்பாதைக் கட்டைகளுக்கு அது பெரிதும் உதவிற்று. ஆனால் அக்கரிய எண்ணெய் ஊறிய மரத்தின் மேல் வண்ணம் நில்லாது; வீட்டுக் கதவிற்கு அது ஆகாது.

வீட்டு வண்ணங்களிலும் நஞ்சு புகுந்தது. ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலார் 1775-ஆம் ஆண்டில் தாமிரமும் ஆர்சனிக் என்னும் பாஷாணமும் சேர்ந்த அழகிய பச்சை வண்ணத்தைக் கண்டுபிடித்தார். அது ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் பெருவழக்காயிற்று. இத்துணைப் பாஷாணத்தின் மேல் பூசணம் வளருமா என்று நாம் எண்ணுவோம். அது வளர்ந்தது. 1890-களில் கோசியோ என்ற இத்தாலிய அறிஞர், சில பூஞ்சைகள் ஆர்சனிக் வண்ணத்தின் மேல் வளர்ந்து, அதனைப் பூண்டு மணமுள்ள ஒரு நச்சு வாயுவாக மாற்றிக் காற்றில் விடுவதைக் காட்டினார். கொல்ல வைத்த நஞ்சைப் பூசணம் உண்டு, வீட்டாரின் மூச்சில் கலந்து திருப்பித் தந்தது.

இப்போட்டியில் நம் நாட்டிற்கும் ஒரு பெருமை உண்டு. டேராடூன் வனவியல் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சோண்டி காமேசன், 1933-ஆம் ஆண்டில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புக்களையும் கலந்து ஒரு மரக் காப்புப் பொருளை உருவாக்கினார். அதற்கு ‘ஆஸ்கு’ என்று பெயர். குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடுவதால் மழைநீரில் அவை எளிதில் கரைந்து போவதில்லை. மக்கலும் கரையானும் அணுகாத அம்மரம் கம்பங்களாகவும் வேலிகளாகவும் தளங்களாகவும் உலகம் முழுவதும் பரவியது. ஓர் இந்திய ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பு பல நாடுகளின் மரத்தைக் காத்தது. ஆயினும் அதிலும் இரண்டு குறைகள் இருந்தன. அம்மரத்தின் மேற்பரப்பிலும் ஈரம் தங்கினால் பூசணம் படர்வதுண்டு. அதனை எரித்தால் சாம்பலில் பாஷாணம் நிற்கும். குழந்தைகள் விளையாடும் இடங்களில் ஆர்சனிக் கசிவதைப் பற்றிய கவலையால், 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிற்கான பெரும்பாலான மரங்களுக்கு இதனை ஏற்றுவது நின்றது.

இவ்வரலாற்றில் மிகவும் மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீரில் கரைக்கும் வண்ணப்பூச்சுக்கள் பெருகின. டப்பாவிலும் சுவரிலும் பூசணம் பிடிக்காதிருக்க, அவற்றில் பாதரசச் சேர்மம் ஒன்றைச் சேர்த்தார்கள். 1989-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டின் உட்புறத்தில் அத்தகைய வண்ணம் பூசப்பட்டது. குளிர்சாதனம் இயங்கியதால் சன்னல்கள் அடைபட்டிருந்தன. அவ்வீட்டின் நான்கு வயதுச் சிறுவனுக்குக் கால் வலியும் தடிப்பும் அரிப்பும் வியர்வையும் கண்டன. பாதரச நஞ்சு என்று மருத்துவர் கண்டறிந்தனர். பிள்ளை பல மாதங்கள் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. அதன் பின்னரே 1990-இல் உட்புற வண்ணங்களிலும், 1991-இல் வெளிப்புற வண்ணங்களிலும் அங்கே பாதரசம் நின்றது. சுவரில் கரும்புள்ளி தோன்றாமல் காக்க வைத்த பொருள், தொட்டில் பருவம் தாண்டிய ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டது.

இவற்றைக் கேட்டுப் பூசணம் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுவதும் தவறு. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இழைப்பு நோய் மிகுதியாகக் காணப்படுவதை 2009-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைத்தது. ஆகவே பூசணமும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம் என்றே நாம் வழி காண வேண்டும். அவ்வழியைக் காட்டியவர்கள், பழம்பொருள்களைக் காப்பாற்றும் அருங்காட்சியகத்தார். ஏனெனில் அவர்களிடமுள்ள பொருள் கெட்டால் வேறொன்று வாங்க முடியாது.

தஞ்சாவூர் ஓவியத்தை நேயர்கள் அறிவார்கள். அது பெரும்பாலும் பலாப் பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் கலந்து பூசி, அதன்மேல் வண்ணமும் தங்க ரேக்கும் இட்டுச் செய்யப்படுவது. அதில் பயன்படும் புளியங்கொட்டைப் பசை பூசணத்திற்கு விருந்து. 1930-ஆம் ஆண்டில் சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களை வேதியியல் முறையில் காக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று தோன்றியது, எஸ். பரமசிவன் அதன் முதல் வேதியியலார். இத்தகைய இடங்களில் பூசணத்தை அடக்க நெடுங்காலம் பயன்பட்டது தைமால் என்னும் பொருள். அது வேறொன்றுமன்று, நம் வீட்டு ஓமத்தின் மணத்திற்குக் காரணமான சத்துத்தான் அது. மூடிய பெட்டியில் ஒரு சிறு விளக்கின் சூட்டில் அதனை ஆவியாக்கி, தாள்களையும் நூல்களையும் அதனுள் வைப்பார்கள். ஆனால் அந்த ஓம ஆவி எண்ணெய் வண்ணத்தையும் வார்னிஷையும் இளகச் செய்துவிடும் என்பதும் பின்னர்த் தெரிந்தது. மென்மையான நஞ்சும் தான் காக்க வந்த பொருளையே தீண்டுகிறது. ஆதலின் காப்பாளர்கள் மருந்தைப் பின்னுக்குத் தள்ளி, அறையின் ஈரத்தை அளந்து அடக்குவதை முதல் கடமையாகக் கொண்டனர். பத்மநாபபுரத்துத் தச்சரும் ஏலக்காய் உலர்த்தும் உழவரும் எதனை அறிந்திருந்தனரோ, அதனையே நவீன அறிவியலும் சுற்றிச் சுற்றி வந்து அடைந்தது.

இனி, குமுளிக் கதவிற்குச் செய்ய வேண்டியது யாது? முதலில் கறை பூசணமா அழுக்கா என்று அறிய வேண்டும். வெளுக்கும் திரவத்தில் ஒரு துளியைக் கரும்புள்ளியின் மேல் வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் வெளிறினால் அது பூசணம். வெளிறாவிட்டால் பெரும்பாலும் அழுக்கு. பச்சை வண்ணம் கண்ட அதே ஷீலே, 1774-இல் குளோரினையும் கண்டவர். அக்குளோரினிலிருந்தே இத்திரவம் பிறந்தது. வண்ணம் பூசிய வெளிக் கதவாயின், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, முதலில் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்து வீடெங்கும் பறக்கும். கறை எஞ்சினால் வெளுக்கும் திரவம் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு கலந்து தடவி, ஐந்து நிமிடம் சென்றபின் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். அத்திரவத்தோடு அமோனியாவையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ, வினிகரையோ ஒருபோதும் கலக்கலாகாது. உயிரைப் போக்கும் வாயு எழும்.

அரக்கு பாலிஷ் இட்ட நாற்காலிக்கும் பெட்டிக்கும் இம்முறை ஆகாது. அவற்றை மெல்லிய சோப்பு நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். பளபளப்பிற்காகத் தேங்காயெண்ணெய் தடவுவது, பூசணத்திற்குச் சோறு வைப்பதற்கு ஒப்பாகும். பழைய வண்ணத்தைச் சுரண்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணத்தூளைக் குழந்தைகள் இருக்குமிடத்தில் பறக்கவிடக் கூடாது. நனைத்துத் தேய்த்து, கழிவைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே புதிய வண்ணம் பூச வேண்டும்.

இவையெல்லாம் வந்த பூசணத்தை நீக்கும் வழிகள். வராமல் தடுப்பதே சிறந்தது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். இறவாரத்தை நீட்டுங்கள். மழைநாளில் சன்னலைத் திறந்துவைத்தால் மேகமே உள்ளே வரும். ஆதலால் வெயில் எட்டிப்பார்க்கும் நண்பகலில் சன்னலையும் அலமாரியையும் சேர்த்துத் திறந்து, மாலைக்குமுன் மூடிவிடுங்கள். பழைய இழை விளக்கு ஒன்று துணிகளுக்கு எட்டாத இடத்தில், கம்பிக் கூண்டுக்குள் எரிந்தால் அலமாரியின் உள்ளே சில டிகிரி சூடேறும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும். போதிய சூடு தராது.

அந்தச் சில டிகிரிதான் குமுளிக்கும் கம்பத்திற்கும் இடையேயுள்ள தூரம். முன்னோர் அதனை இறவாரத்தாலும் முற்றத்தாலும் அடுப்பாலும் கடந்தார்கள். இடைக்காலத்தவர் நஞ்சினால் குறுக்குவழி தேடினார்கள். அவ்வழிக்குரிய சுங்கத்தைப் பின்வந்த குழந்தைகள் செலுத்தினார்கள். அடுத்த மழைக்கு முன் வண்ணக் கடைக்குச் சென்று, பூசணம் அண்டாத மருந்து எது என்று நாம் கேட்கத்தான் போகிறோம். அதனைக் கேட்குமுன், நம் கதவு நனைந்தால் எத்தனை மணி நேரத்தில் உலர்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வோமாக.